ஐந்து சொல்லுக்கு 28 ஆண்டு

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் பெண்களின் நிலையை மாற்றியது சட்டமா, சம்பளமா என்று கேட்டால், சம்பளம்தான் என்பார் பலர். ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, பெண்கள் வேலைக்குப் போனார்கள், சட்டம் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதி உண்மை. ஆனால் ஆணும் பெண்ணும் சம உரிமை உள்ளவர்கள் என்ற 1949 அரசியல் சட்ட வாசகம், ஜெர்மன் மொழியில் ஐந்தே சொல், தானாக வந்து உட்காரவில்லை. அதை எழுதிய 65 பேர் அவையில் பெண்கள் நால்வர். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் எலிசபெத் செல்பெர்ட்டின் முன்மொழிவு முதலில் தோற்றது. கண்டனக் கடிதங்கள் குவிந்த பிறகே தேறியது.

பழைய குடும்பச் சட்டத்தைத் திருத்த 1953 மார்ச் 31 வரை கெடு. நாடாளுமன்றம் அதைக் கோட்டைவிட்டது. 1958இல் நடைமுறைக்கு வந்த சட்டமும், குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாதவரை மனைவி வேலைக்குப் போகலாம் என்றது. தாராள மனசுதான்! பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால் தந்தை சொல்லே முடிவு. அந்தத் தந்தை சொல் செல்லாது என்று 1959இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அடித்துப்போட்டது. ஆதாரம், அதே ஐந்து சொல். சம்பளமே போதும் என்றால், சம்பாதிக்கும் மனைவியின் தலைமேல் அந்த வேலை நிபந்தனை 1977 வரை தொங்கியிருக்காது.