ஆரிஃபெரஸ்: பொன்தாங்கு பாறை

மாணவர்களே, கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப்பட்ட பழைய ஆங்கில நிலவியல் அறிக்கைகளில் ‘ஆரிஃபெரஸ்’ என்னும் பெயரடை அடிக்கடி வரும். அன்றாடப் பேச்சில் எவரும் இதனை வழங்குவதில்லை. ஆங்கிலம் நன்கறிந்தவரும் அகராதியைப் புரட்டியே பொருள் காண்பர். ஆயினும் நம் ஊர் உருவானதே இச்சொல் குறிக்கும் பாறையினால்தான்.

இலத்தீன் மொழியில் ‘ஔரும்’ என்பது பொன். ‘ஃபெர்ரே’ என்பது சுமத்தல், தாங்குதல். இரண்டும் இணைந்து ‘பொன்னைத் தாங்கிய’ என்னும் பொருளைத் தருகின்றன. வேதியியலில் பொன்னுக்குரிய குறியீடு ‘ஔரும்’ என்பதன் முதலிரண்டு எழுத்துகளே. நிலத்தடி நீரைத் தாங்கும் அடுக்கை ‘அக்விஃபர்’ என்பர். அதிலும் இதே வினைச்சொல் உண்டு. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

‘கோல்டன்’ என்னும் சொல் வேறு. அது பொன்னாலாகியதையும் பொன்னிறமானதையும் குறிக்கும். மோதிரத்தை ஆரிஃபெரஸ் என்றல் பிழை. மாலை வெயிலை அவ்வாறு கூறுதல் நகைப்புக்கிடம். பொருள் வேறாய் இருந்து, அதனுள்ளே பொன் கலந்திருந்தால் மட்டுமே இச்சொல் பொருந்தும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் குவார்ட்ஸ் பாறை அத்தகையது. பார்வைக்கு அது வெறுங்கல். ஒரு டன் பாறையில் சில கிராம் பொன்னே கிட்டும். அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே பாறையை வெடிவைத்துத் தகர்த்து, மேலேற்றி, மாவாக இடித்து, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்துப் பிரித்தனர். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர் அங்கே உழைத்தனர். குவார்ட்ஸ் தூசி நுரையீரலிற் படிந்து ‘சிலிகோசிஸ்’ என்னும் நோயைத் தரும். இவ்வூர்த் தொழிலாளர் பலரை அது வாட்டியது. அறிக்கை எழுதியவர் பாறைக்குத் தேடிய துல்லியமான அடைமொழியை இம்மனிதர்க்குத் தேடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? ‘பொற்பாறை’ எனின் பாறை முழுதும் பொன்னென மயங்க இடமுண்டு. ‘பொன்தாங்கு பாறை’ என்பதே சிறந்தது. இதில் ‘தாங்கு பாறை’ வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு என்பவற்றிற்போலக் காலம் இதில் மறைந்து நிற்கும். தாங்கிய பாறை, தாங்குகின்ற பாறை, தாங்கும் பாறை என மூவகையாகவும் விரிக்கலாம். ஆங்கிலச் சொல்லும் காலம் காட்டுவதில்லை.

இந்த இலக்கணம் நம் ஊர்க்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய பெருஞ்சுரங்கப் பணி, 2001 பிப்ரவரி 28-இல் நின்றது. இடித்துப் பொன் பிரித்தபின் எஞ்சிய மண், சயனைடு மேடுகளாக இன்றும் குவிந்துள்ளது. காற்றடித்தால் அத்தூசி நம் வீட்டுத் திண்ணைவரை வரும். அம்மண்ணிலும் சிறிதளவு பொன் எஞ்சியுள்ளது. அதனைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கருநாடக அரசு 2024-இல் இசைவளித்தது. எனவே அம்மேடுகளும் ஆரிஃபெரஸ் என்னும் சொல்லுக்கு உரியனவே.

‘பொன்தாங்கு மேடு’ என்பதை மூன்று காலத்திலும் விரித்து எழுதுக. அவற்றுள் எதனை உங்கள் வீட்டுப் பெரியவர் ஏற்பார் என்பதை அவரிடமே கேட்டு, காரணத்துடன் குறித்து வருக.