இஜென் மலை: நீல நெருப்பு, கந்தகச் சுமை, ஒரு தட்டு நாசி தெம்போங்

பாலிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்தே வீடு திரும்பிவிடுகிறார்கள். தீவின் மேற்கு முனையில் இருக்கும் கிலிமானுக் துறைமுகத்தில் படகேறினால், ஒரு மணி நேரத்துக்குள் கிழக்கு ஜாவாவின் பன்யூவாங்கி வட்டாரம் வந்துவிடும். பாலியில் நம் நேரம்தான். ஜாவாவில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். இருட்டில் மலையேறப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்த மலை இஜென் எரிமலை. 2023-இல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காக்களில் சேர்த்தது. பல்துடிங் என்னும் அடிவாரத்திலிருந்து எரிமலை வாயின் விளிம்புவரை 3 கிலோமீட்டர். தூரம் கேட்கக் குறைவு. ஆனால் பாதை செங்குத்தாக ஏறும், முழங்கால் கெஞ்சும். மலையில் குளிர் அதிகம் என்பதால் தடித்த சட்டை வேண்டும். உடல்நலச் சான்றும் கேட்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மலையைத் தவிர்ப்பதே நல்லது.

காரணம், பலரும் பார்க்கத் துடிக்கும் அந்த நீல நெருப்பேதான். அதை எரிமலைக் குழம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது குழம்பு அல்ல. பாறை வெடிப்புகளின் வழியே கடும் சூட்டில் வெளியேறும் கந்தக வாயு, காற்றைத் தொட்டதும் நீலமாக எரிகிறது. பகலிலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதற்காகவே விடிவதற்கு முன் ஏறுகிறார்கள். அங்கே கிளம்பும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். சாதாரண முகக்கவசம் இதற்கு உதவாது. வடிகட்டி பொருத்திய கவசம் அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். 2018 மார்ச்சில் திடீரென்று நச்சுவாயு கிளம்பியதால் பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. 2024 ஏப்ரலில் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்ட சுற்றுப்பயணி ஒருவர் விழுந்து இறந்தார். பள்ளத்துக்குள் இறங்க வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

பொழுது விடிந்ததும் பச்சையும் நீலமும் கலந்த ஏரி தெரியும். பார்க்க அழகு, ஆனால் அது தண்ணீர் அல்ல, கார் பேட்டரியில் இருப்பது போன்ற அமிலம்.

ஏரிக்கரையில்தான் கந்தகம் எடுக்கிறார்கள். வாயுவைக் குழாய்களுக்குள் செலுத்திக் குளிரவிட்டால் சிவந்த திரவமாக வடிந்து, பிறகு மஞ்சள் கட்டியாக இறுகும். அதைக் கடப்பாறையால் உடைத்து இரண்டு கூடைகளில் நிரப்பி, மூங்கில் கம்பில் மாட்டித் தோளில் தூக்குகிறார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்கு அந்தக் காண்டாக் கம்பைப் பார்த்ததும் விளங்கிவிடும். இங்கே சுமை 70 முதல் 90 கிலோ. அதோடு செங்குத்தான கற்பாதையில் விளிம்புவரை ஏறி, மறுபுறம் இறங்கி வர வேண்டும். கூலி எடைக்குத்தான். இப்போது விளிம்பிலிருந்து கீழே தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர்களும் உண்டு. கூடையோடு வருகிறவருக்கு வழிவிட்டு, பாதையின் உட்புறம் ஒதுங்கி நில்லுங்கள். அவரிடம் கேட்காமல் படம் எடுப்பதும் முறையல்ல.

நம் தோட்டத்துக்கும் கந்தகத்துக்கும் ஓர் உறவு உண்டு. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது டயருக்கு ஏற்ற உறுதி பெறும். சீனியை வெளுக்கவும் கந்தகம் பயன்படுகிறது.

கீழே இறங்கியதும் பசி காதை அடைக்கும். பன்யூவாங்கியில் ஓசிங் மக்களின் நாசி தெம்போங்கைத் தேடிப் போங்கள். சுடுசோறு, அவித்த கீரை, பொரித்த தெம்பே, தாஹு, கருவாடு. மேலே அப்போதுதான் அரைத்த பச்சைச் சம்பால். ஓசிங் மொழியில் தெம்போங் என்றால் அறை. முதல் வாயிலேயே கன்னத்தில் விழும். உறைப்புக்குப் பழகிய நம் நாக்கும் கொஞ்சம் தயங்கும்.

அடுத்தது ருஜாக் சோத்தோ. கடலைக் குழம்பில் புரட்டிய காய்கறி ருஜாக்கின் மேல் சூடான சோத்தோ ஊற்றித் தருவார்கள். கேட்க விநோதமாக இருந்தாலும் ருசி பொருந்துகிறது. அந்தச் சோத்தோவில் பெரும்பாலும் மாட்டுக் குடல் இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘லெம்பு’ என்ற மலாய்ச் சொல்லை நம்பி இருக்க வேண்டாம். அங்கே மாட்டுக்கு ‘சாப்பி’ என்றுதான் பேர். ‘தன்பா சாப்பி’ என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.