கிளுவை இறங்கும் ஏரிகள்

வடகிழக்குப் பருவமழையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஏரிகள் நிரம்பியதும் கிளுவை என்னும் வாத்தும் ஊசிவால் வாத்தும் வடக்கிலிருந்து வரும். பகலெல்லாம் நடுநீரில் ஓய்வு. பொழுது சாய்ந்ததும் மேய்ச்சலுக்கு நெல்வயல். வேட்டைக்காரர்கள் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான்: கரைமேல் துப்பாக்கி, வரப்போரம் கண்ணியும் வலையும். மார்கழிக் குளிரில் அடுப்பில் கொதித்த வாத்துக் குழம்பின் நினைவு இனிமையானதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த ஏரிகள் அடங்கிய பழைய செங்கல்பட்டுச் சீமைக்கு இன்னொரு நினைவும் உண்டு, நாம் பெருமைப்பட வேண்டியது. தெற்கே வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் பயிருக்கு உரம். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமை தரும் கவுல் என்ற பத்திரத்தை அவர்களுக்குக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. நாடு முழுமைக்கும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல்.

இன்று துப்பாக்கிச் சத்தம் இல்லை. ஆனால் ஆலைகளும் கிடங்குகளும் எழுந்த இடங்களில் இரவு மேய்ச்சலுக்கான வயல் போய்விட்டது. வாத்துக்கு ஏரி மட்டும் போதாது.

பிப்ரவரி வாக்கில் ஆண் கிளுவையின் கண்மேல் வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும். கரையிலிருந்தே பாருங்கள்; நீருக்குள் இறங்க வேண்டாம்.