இளவேனிலைப் பாட இளந்தளிர்களுக்குக் கற்பிப்போம்

“வசந்தத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதுக” என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். உடனே பனி உருகும், சோலை சிரிக்கும், மயில் ஆடும், தென்றல் தவழும். மேல்விஷாரத்தில் பனி எங்கே உருகிற்று? மயில் எந்தத் தெருவில் ஆடிற்று? குழந்தை பார்த்ததை எழுதவில்லை, படித்ததை எழுதியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். ஆகவே இதைச் சற்று எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

நம் வசந்தம் எது?

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஐரோப்பியருக்கு வசந்தம் குளிரிலிருந்து கிடைக்கும் விடுதலை. நமக்கோ அது வெயில் ஏறும் காலம். வேலூர் வட்டாரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இப்பருவத்தில்தான் வருகின்றன. ஆயினும் அந்த வெயிலில்தான் வேம்பு பூக்கிறது, புங்கமரம் புதுத்தழையோடு நிழல் விரிக்கிறது, மா காய்த்துக் கனிகிறது, குயில் கூவுகிறது. தீய்க்கும் வெயிலில் தளிர்ப்பதே நம் வசந்தத்தின் தனி அழகு அன்றோ?

எப்படிக் கற்பிப்பது?

தமிழில் குழந்தைப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பள்ளி ஆசிரியராக இருந்த கவிமணி பாடினார். வங்கியில் பணியாற்றிய அழ. வள்ளியப்பா பாடியதோடு நில்லாமல், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றவும் காரணமாக இருந்தார். இவர்கள் குழந்தைகளுக்காகப் பாடியவர்கள். குழந்தைகளையே பாட வைப்பது அதற்கு அடுத்த படி.

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோச் 1968இல் நியூயார்க் நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் இதைச் செய்து காட்டினார். எதுகை வேண்டாம் என்றார். ஒவ்வோர் அடியையும் “நான் விரும்புகிறேன்” என்பது போன்ற ஒரே தொடரால் தொடங்கச் சொன்னார். தொடக்கம் கையில் கிடைத்ததும் குழந்தைகளின் அச்சம் அகன்றது. இந்த அனுபவத்தை அவர் 1970இல் நூலாக வெளியிட்டார்.

நமக்கு ஏற்ற தொடக்கம் “நான் பார்த்தேன்” என்பது. சித்திரை பிறந்தால் தேர்வும் விடுமுறையும் வந்துவிடும். எனவே பங்குனியிலேயே தொடங்க வேண்டும். நாள்தோறும் ஒரே ஒரு வரி போதும்: இன்று புதிதாக எதைப் பார்த்தாய், எதை மோந்தாய், எதைக் கேட்டாய்? இவ்வூரில் தமிழும் உருதுவும் பேசும் வீடுகள் உண்டு. “பஹார்” என்று சொல்லும் குழந்தையைத் தடுக்க வேண்டாம். முதலில் வாய் திறக்கட்டும். எழுத்து பின்னர் வரும்.

சென்ற பங்குனியில் எங்கள் தெருக் குழந்தைகள் சிலரோடு இவ்வாறு அமர்ந்தேன். ஒரு சிறுமி எழுதினாள்:

“குடத்துத் தண்ணீரில் வேப்பம்பூ விழுந்தது.
அம்மா எடுத்துப் போடவில்லை.
ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.”

ஒரு சிறுவன் எழுதினான்:

“பாலாற்றில் பந்து ஆடினோம்.
தாத்தா இங்கேதான் நீந்தினாராம்.
பந்து நனையவே இல்லை.”

இதில் தென்றலும் இல்லை, சோலையும் இல்லை. ஆனால் ஆறும் இருக்கிறது; அது இழந்த நீரும் இருக்கிறது. இதை எந்த ஏட்டிலிருந்து அவன் பார்த்து எழுத முடியும்?

சிவப்பு மை

இங்கே என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு வயதில் வசந்தத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, “வெயில் வந்தால் தோல் வாடை கூடும், அந்த வாடையோடு என் அப்பா வீட்டுக்கு வருவார், நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன்” என்று எழுதினேன். “அழகானதை எழுது” என்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் நான் மயிலையும் சோலையையும் மட்டுமே எழுதினேன். அப்பா என் எழுத்தில் வரவே இல்லை.

அழகு எது என்று அந்த மை எப்படி முடிவு செய்தது? சாலையோரத்து ஆவாரம்பூவைப் பாட்டில் ஏற்கிறோம். அதே செடியின் பட்டையைக் கொண்டுதான் ஒரு காலத்தில் தமிழகத்தில் தோல் பதனிட்டார்கள். பூ பாட்டுக்கு ஆகும், பட்டையை உரித்த கை ஆகாது என்பது என்ன நியாயம்?

எழுத்துப் பிழையைப் பிறகு திருத்தலாம். சந்தத்தை மெல்ல மெல்லப் பழக்கலாம். ஆனால் தான் கண்டது எழுதத் தக்கதன்று என்று ஒரு குழந்தை நம்பிவிட்டால், அதைத் திருத்துவது எளிதன்று.

ஆசிரியராகப் போகும் நண்பர்களே, சிவப்பு மையைத் தொடுமுன் குழந்தையிடம் ஒன்று கேளுங்கள்: “இதை நீ எங்கே பார்த்தாய்?” அது விடை சொல்லத் தொடங்கும்போதே இளவேனில் பிறந்துவிடும்.