உடம்பும் எடையும் – 6: ஒரே எண், இரு உடல்கள்

2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. படத்தில் இருந்த இருவருமே மருத்துவர்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சி.எஸ்.யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்கும் ஒரே விடை: 22.3. இருவரையும் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், உடம்பில் இருக்கும் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

‘என் உயரத்துக்கு எத்தனை கிலோ இருக்கணும்?’ என்று கேட்கும் ஒவ்வொரு இந்தியரும் பார்க்க வேண்டிய படம் அது.

இந்தக் கணக்கின் மூலவர் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே. வானியலும் புள்ளியியலும்தான் அவர் துறை. உடல் பருமன் அவர் கவலையே அல்ல. வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1830-களில் கண்டார். பி.எம்.ஐ. என்ற பெயரை 1972-ல் சூட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ். கிலோவை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். அந்த எளிமையாலேயே அது நிலைத்துவிட்டது.

உடல்வாகு? அதையும் கணக்கில் சேர்க்க முயற்சி நடந்தது. அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1940-களில் சிறிய, நடுத்தர, பெரிய உடல்வாகு என மூன்றாகப் பிரித்து எடை அட்டவணை போட்டது. தன் உடல்வாகு எது என்று கண்டுபிடிக்கும் வழியை மட்டும் சொல்லவில்லை. 1983-ல்தான் முழங்கை அகலத்தை அளந்து பார்க்கச் சொன்னார்கள். ‘எனக்கு எலும்பு கனம்’ என்று ஆறுதல் தேடுவோர் உண்டு. அகன்ற எலும்பால் கூடுவது சில கிலோதான். தொப்பைக்கு அது பொறுப்பாகாது.

உலக அளவில் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டால் அதிக எடை. நமக்கு அந்த எல்லை பொருந்தாது. 2009-ல் இந்திய நிபுணர்கள் வகுத்த வரையறைப்படி 18 முதல் 22.9 வரை இயல்பு; 23 தொடங்கினால் அதிக எடை; 25 என்றாலே உடல் பருமன். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இயல்பு எடை சுமார் 49 முதல் 62 கிலோ வரை. இந்த 13 கிலோ இடைவெளியில்தான் உடல்வாகுக்கு இடம்: ஒடிசலானவர் கீழ்ப்பாதியிலும், அகன்ற தோள்காரர் மேல்பாதியிலும் இருக்கலாம். உலக எல்லையைப் பிடித்துக்கொண்டால் அதே ஆள் 68 கிலோ வரை நிம்மதியாக இருந்துவிடுவார். அதற்குள் சர்க்கரை நோய் எட்டிப்பார்த்துவிடக்கூடும். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படிப்பட்டது.

ஆகவே, எடை மெஷினோடு ஒரு இன்ச் டேப்பும் வேண்டும். பேண்ட் சைஸை நம்பக் கூடாது. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் 34 எப்போதும் 34-தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எண்கள் பொருந்தாது. மற்றவர்கள், பி.எம்.ஐ. 22 என்றாலும் இடுப்பு எல்லையைத் தாண்டியிருந்தால், வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.