பேட்டரி தெளிப்பான் வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே பார்த்துவிட வேண்டியவை

"வாங்கி ஆறு மாசம்தான் சார் ஆகுது. மொதல்ல ஒரு சார்ஜுக்குப் பத்து டேங்க் ஓடுச்சு. இப்ப நாலு டேங்க்லயே மூச்சு வாங்குது." மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்து அடிக்கும் பருவம் வந்துவிட்டால் எனக்கு இப்படிப் போன் வராத வாரம் இல்லை. பாதி வயல் அடித்து முடித்திருப்பார், மீதி பாதிக்குக் கலந்த மருந்து டேங்கில் இருக்கும், மோட்டார் நின்றிருக்கும். அன்றைய கூலியும் போச்சு, அடிக்காத பாதியில் புழுவும் குருத்துக்குள் இறங்கிவிடும்.

கைத்தெளிப்பானை ஒரு கையால் அடித்துக்கொண்டே நடந்த காலத்தோடு ஒப்பிட்டால் பேட்டரி தெளிப்பான் பெரிய நிம்மதி. தோள்வலி குறைந்திருக்கிறது, ஆள் கிடைக்காத நாளில் வீட்டில் இருப்பவர்களே அடித்து முடிக்கிறார்கள். கருவியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதை வாங்கும் விதத்தில்தான் கோளாறு. டேங்கின் நிறத்தையும் பெட்டியில் போட்டிருக்கும் எண்களையும் பார்த்து வாங்குகிறோம். உள்ளே இருக்கும் பேட்டரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பேட்டரியைத் தராசில் வையுங்கள்

பெரும்பாலான தெளிப்பான்களில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிதான் இருக்கிறது. அதன் மேல் 8 ஏ.எச். அல்லது 12 ஏ.எச். என்று எழுதியிருக்கும். இது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்பதற்கான அளவு. 8 ஏ.எச். பேட்டரி, 2 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரைக் கணக்குப்படி 4 மணி நேரம் ஓட்ட வேண்டும். நடைமுறையில் அவ்வளவு ஓடாது. ஓட்டவும் கூடாது. ஈய-அமில பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும்.

ஒற்றை மோட்டார் தெளிப்பானில் சாதாரண முனை போட்டு அடித்தால் 16 லிட்டர் டேங்க் காலியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மோட்டார் இரண்டரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நல்ல 8 ஏ.எச். பேட்டரியில் பத்து முதல் பன்னிரண்டு டேங்க் வரை அடிக்கலாம். பெட்டியில் "20 டேங்க்", "25 டேங்க்" என்று போட்டிருந்தால் பேட்டரி புதிதாக இருந்தாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

எழுதியிருக்கும் ஏ.எச். உண்மைதானா என்று கண்டுபிடிக்க எளிய வழி எடை. ஈய-அமில பேட்டரியின் சக்தி அதற்குள் இருக்கும் ஈயத்தில்தான் இருக்கிறது. நேர்மையான 12 வோல்ட் 8 ஏ.எச். பேட்டரி ஏறத்தாழ இரண்டரை கிலோ இருக்கும். 12 ஏ.எச். என்றால் மூன்றரை கிலோவை ஒட்டி வரும். 8 ஏ.எச். என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி ஒன்றரை கிலோதான் நிற்கிறது என்றால் ஈயத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடைக்காரரிடம் அடி மூடியைக் கழற்றச் சொல்லி, பேட்டரியை மட்டும் வெளியே எடுத்துத் தராசில் வையுங்கள். உரக்கடையில் தராசு இல்லாமல் இருக்காது. முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இப்போது லித்தியம் பேட்டரி போட்ட தெளிப்பான்களும் வருகின்றன. எடை பாதிக்கும் குறைவு, சார்ஜ் சீக்கிரம் ஏறும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதிக நாள் உழைக்கும். விலை கூடுதல், கெட்டுப்போனால் நம் ஊர் மெக்கானிக் தொடமாட்டார். பக்கத்து டவுனில் அதே பேட்டரி மாற்றாகக் கிடைக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். லித்தியத்தை எடை பார்த்து அளக்க முடியாது, அதனால் பில்லில் உத்தரவாதக் காலத்தை எழுதி வாங்குவது இன்னும் முக்கியம். பல கம்பெனிகள் இயந்திரத்துக்கு ஒரு உத்தரவாதமும் பேட்டரிக்கு அதைவிடக் குறைந்த உத்தரவாதமும் தருகின்றன. "ஒரு வருஷம் கியாரண்டி" என்று வாயால் சொன்னால், பேட்டரிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

இரட்டை மோட்டார் வேண்டுமா?

கடையில் முதலில் காட்டுவது இரட்டை மோட்டார் தெளிப்பானைத்தான். பீய்ச்சும் வேகம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு மோட்டாரும் ஓடும்போது பேட்டரியும் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் தீரும். 8 ஏ.எச். பேட்டரியோடு இரட்டை மோட்டார் விற்பது, சின்ன டேங்க் வைத்த வண்டிக்குப் பெரிய எஞ்சின் போட்ட கதைதான். இரண்டு முனை, நான்கு முனை கொண்ட பூம் வைத்து அடிப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். அப்போது 12 ஏ.எச். பேட்டரியாவது வேண்டும். நெல், உளுந்து, நிலக்கடலை, காய்கறி, இளம் மக்காச்சோளம் என்று ஒற்றை முனையில் அடிப்பவருக்கு ஒற்றை மோட்டார் போதும். மாமரத்துக்கும் தென்னைக்கும் அடிப்பதற்கென்றால் எத்தனை மோட்டார் இருந்தாலும் பேட்டரி தெளிப்பான் சரிப்படாது, அதற்கு விசைத்தெளிப்பானே வேண்டும்.

"நிமிடத்துக்கு 4 லிட்டர்" என்று பெட்டியில் இருப்பது முனை போடாமல் பம்ப் திறந்த வாயில் தள்ளும் அளவு. முனை போட்டபின் வரும் அளவை முனையின் துளைதான் தீர்மானிக்கிறது. எனவே அந்த எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

பார்க்க வேண்டியது வேறு. டேங்கில் தண்ணீர் நிரப்பி கடை வாசலிலேயே ஓட்டச் சொல்லுங்கள். ட்ரிக்கரை மூடினால் சில நொடிகளில் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் பிரஷர் ஸ்விட்சில் கோளாறு அல்லது எங்கோ கசிவு. முழு டேங்கை முதுகில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். மூடியில் கசிந்தால் அன்றைக்குத் தண்ணீர், நாளைக்கு மருந்து, அதுவும் உங்கள் முதுகில். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருப்பதும் நல்லது, களைக்கொல்லிக்கு அழுத்தம் குறைத்து அடிக்க உதவும். தோள்பட்டை அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்கட்டும். நிரம்பிய டேங்கோடு மொத்த எடை இருபது கிலோவைத் தாண்டும். உங்கள் வீட்டில் அடிக்கப்போவது மெலிந்த உடம்புக்காரர் என்றால் 12 லிட்டர் டேங்க் வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

கையாலும் அடிக்கலாம், பேட்டரியிலும் அடிக்கலாம் என்று வரும் டூ இன் ஒன் வகையை, மின்வெட்டு அதிகம் உள்ள ஊர்க்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். எந்த வகையானாலும் வாஷர், ட்ரிக்கர், முனை, டயாப்ரம் ஆகிய உதிரிபாகங்கள் அந்தக் கடையிலேயே தொங்குகின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள்.

மருந்துக் கணக்கு மாறும்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கைத்தெளிப்பானில் உங்களுக்கு ஒரு கணக்குப் பழகியிருக்கும்: ஏக்கருக்குப் பத்து டேங்க், டேங்குக்கு இவ்வளவு மருந்து. பேட்டரிக்கு மாறினால் நடையின் வேகமும் தண்ணீர் வரும் அளவும் இரண்டும் மாறிவிடும், டேங்க் எண்ணிக்கை பழையபடி நிற்காது.

ஒரு களைக்கொல்லிக்கு லேபிளில் ஏக்கருக்கு 800 மி.லி. என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். பத்து டேங்க் கணக்கில் டேங்குக்கு 80 மி.லி. ஊற்றிப் பழகிவிட்டீர்கள். புதுத் தெளிப்பானில் அதே வயலுக்கு 13 டேங்க் ஆனால் 1,040 மி.லி. போய்விடும். பணம் மட்டுமல்ல, பயிரும் கருகலாம். மாறாக, கை ஓய்வாக இருக்கிறதே என்று வேகமாக நடந்து 7 டேங்கில் முடித்தால் 560 மி.லி. மட்டுமே விழுந்திருக்கும். களை சாகாது, "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

இதைச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போதும். வயலில் இரண்டு சென்ட் அளந்து குச்சி நட்டுக்கொள்ளுங்கள். டேங்கில் அளந்து 10 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றி, மருந்து அடிக்கும் அதே நடையில் அந்த இரண்டு சென்டையும் அடியுங்கள். மீதித் தண்ணீரை வாளியில் வடித்து அளந்தால் எவ்வளவு செலவானது என்று தெரிந்துவிடும். அதை 50 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான தண்ணீர். 3 லிட்டர் செலவாகியிருந்தால் ஏக்கருக்கு 150 லிட்டர், அதாவது ஒன்பதரை டேங்க். ஏக்கருக்கான மருந்தை அந்த எண்ணால் வகுத்து டேங்குக்கு ஊற்றுங்கள். லேபிளில் லிட்டருக்கு இவ்வளவு என்று போட்ட மருந்தென்றால் அந்தக் கலவை விகிதத்தை மாற்ற வேண்டாம், ஏக்கருக்குச் சொன்ன மொத்த அளவைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பயிர் வளர வளர இந்த அளவு மாறும், முனையை மாற்றினாலும் மாறும். மறுபடி அளக்க வேண்டும்.

முனை என்றதும் ஒன்று. பூச்சி, நோய் மருந்துக்குக் கூம்பு வடிவில் விசிறும் ஹாலோ கோன் முனை. களைக்கொல்லிக்குத் தட்டையாக விழும் ஃப்ளாட் ஃபேன் அல்லது ஃப்ளட் ஜெட் முனை. தெளிப்பானோடு இலவசமாக வரும் நான்கைந்து பிளாஸ்டிக் முனைகளில் எல்லாம் கலந்து கிடக்கும். படைப்புழுவுக்கு அடிக்கும்போது எந்த முனையானாலும் இலைமேல் விசிறிக்கொண்டு போகாமல் குருத்துக்குள் விழும்படி பிடியுங்கள்.

தூள் மருந்துக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கைத்தெளிப்பானில் கைப்பிடி ஆடும்போது உள்ளே கலவையும் கலங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி தெளிப்பான்கள் பலவற்றில் அப்படிக் கலக்கும் அமைப்பு இல்லை. மேன்கோசெப், காப்பர் ஆக்ஸிகுளோரைடு, நனையும் கந்தகம் போன்றவை அடியில் படிந்து, முதல் நாலு வரிசைக்குக் கெட்டியாகவும் கடைசி வரிசைக்கு வெறும் தண்ணீராகவும் போகும். முதலில் சிறு பாத்திரத்தில் குழைத்துக் கரைத்து, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். டேங்க் நிரப்பியபின் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்காதீர்கள், உடனே அடித்து முடியுங்கள். பஞ்சகவ்யா, மீன் அமிலம், வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பவர்கள் துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் ஊற்றினால் பம்பின் வடிகட்டி அடைத்து மோட்டார் சூடாகும். "மோட்டார் போச்சு" என்று கொண்டுவரப்படும் தெளிப்பான்களில் பலவற்றுக்கு வடிகட்டியைக் கழுவியதுமே உயிர் வந்துவிடுகிறது.

இரண்டு தெளிப்பான் வாங்க வசதியிருந்தால் ஒன்றைக் களைக்கொல்லிக்கு மட்டும் ஒதுக்குங்கள். பெரம்பலூர் பக்கம் ஒரு வயலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பருத்தி இலையெல்லாம் குறுகி, விரல் விரலாகப் பிரிந்து வெண்டை இலைபோல் ஆகியிருந்தது. வைரஸ் நோய் என்று பயந்து அதற்கும் இரண்டு முறை மருந்து அடித்திருந்தார். விசாரித்தால், மக்காச்சோளத்துக்கு 2,4-டி அடித்த தெளிப்பானை ஒரு முறை அலசிவிட்டுப் பருத்திக்கு எடுத்திருக்கிறார். பருத்தி, தக்காளி, வெண்டை ஆகியவற்றுக்கு அந்த மருந்தின் மிச்சம் கொஞ்சம் பட்டாலே போதும். ஒரே தெளிப்பான்தான் என்றால் சலவைச் சோடா கரைத்த தண்ணீரை டேங்கில் சில மணி நேரம் ஊறவைத்து, ஹோஸ், முனை வழியாகவும் ஓட்டி, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். கழுவிய தண்ணீர் கிணற்றடிக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது.

சும்மா இருக்கும் மாதங்களில்தான் பேட்டரி சாகிறது

ஆரம்பத்தில் சொன்ன ஆறு மாதக் கதைக்கு வருவோம். கடைசி மருந்து அடித்துவிட்டு, காலியான பேட்டரியோடு தெளிப்பானை மாட்டுக்கொட்டகை மூலையில் போட்டுவிட்டு, அடுத்த பட்டத்தில் எடுக்கிறோம். சார்ஜ் இல்லாமல் கிடக்கும் ஈய-அமில பேட்டரியில் தகடுகள் மேல் கெட்டியான படிவம் உட்கார்ந்துவிடும். அதன்பின் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எனவே அடித்து முடித்த அன்றே சார்ஜ் போடுங்கள், பயன்படுத்தாத காலத்தில் மாதம் ஒரு முறை போடுங்கள். கூடவே வரும் சார்ஜரையே பயன்படுத்துங்கள். வைக்கோல் அருகில் வேண்டாம், இரவு முழுக்க மறந்து விடவும் வேண்டாம். வோல்ட் காட்டும் மீட்டர் இருந்தால், முழு சார்ஜுக்குப் பின் சில மணி நேரம் கழித்து 12.6க்கு மேல் நிற்க வேண்டும். அடிக்கும்போது 11 வரை இறங்கினால் நிறுத்திவிடுங்கள். லித்தியம் என்றால் காலியாக வைக்காமல் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மானியத்தில் தெளிப்பான் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே உழவன் செயலியிலும் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்டுவிடுங்கள். வாங்கியபின் பில்லைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மானியத்தில் வந்தாலும் பேட்டரியை எடை போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். உழைத்து ஓய்ந்த ஈய பேட்டரியைக் குப்பையில் எறியாதீர்கள், குழந்தைகள் கையில் படும்படி வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு, புதுப் பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.