மட்டைக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு பள்ளம்

எரவாடா என்றதும் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். 1932-இல் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த இடம். பூனா கிளப்பின் 18 குழி கோல்ப் மைதானம் இருப்பதும் அதே எரவாடாவில்தான். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய ஆண்கள் இருவரில் உதயன் மானே புனேக்காரர். மற்றவரான அனிர்பன் லஹிரி பிறந்ததும் இவ்வூரில்.

தென் பிராந்திய ராணுவத் தலைமையகம் இங்கே இருக்கிறது. நீலகிரியின் வெலிங்டனில் ஆடிப் பழகிவிட்டு மாற்றலாகி வரும் அதிகாரிக்குப் பந்து சற்றுக் குறைவாகவே போகும். வெலிங்டன் சுமார் 6,000 அடி உயரம். புனே 1,800 அடிதான். மலையில் காற்று லேசு, தடையும் குறைவு. அங்கே 150 கெஜம் பறந்த பந்து இங்கே 143 கெஜத்தில் விழும்.

ஆனால் இந்தக் குறைவு எல்லா மட்டைகளுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வருவது. ஒரு மட்டை 120 கெஜம், அடுத்தது 90 கெஜம் என்று நடுவில் பள்ளம் விழுந்தால், அதற்குப் புனேக் காற்றின் மீது பழி போடுவது நியாயமல்ல.

குற்றவாளி, மட்டை முகத்தின் சாய்வு. இரும்பு மட்டைகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 4 டிகிரி வித்தியாசம். தூரத்தில் 10, 12 கெஜம். பிட்சிங் வெட்ஜ் முன்பு 50 டிகிரியை ஒட்டி இருந்தது. 'எங்கள் மட்டை அதிக தூரம் அடிக்கும்' என்று சொல்லி விற்பதற்காகச் சாய்வைக் குறைத்துக் குறைத்து 45-க்கும் கீழே கொண்டு வந்துவிட்டார்கள். மணலிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜோ 56-லேயே நின்றுவிட்டது. நூறு கெஜத்தில் நிற்பவர் ஒன்றை அடக்கி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றதை மூச்சைப் பிடித்து அடிக்க வேண்டும். இரண்டுமே தவறும்.

நடுவில் 50 டிகிரி மட்டை ஒன்றை வாங்கலாம். ஆனால் பையில் 14-க்கு மேல் கூடாது என்பது 1930-களின் இறுதியிலிருந்து உள்ள விதி. ஒன்றை வெளியே எடுத்தாக வேண்டும்.

செலவு குறைந்த வழி, வளைப்பது. அடித்துச் செய்த மென்மையான எஃகு மட்டையைப் பிடிப்பானில் இறுக்கிக் கழுத்தில் ஒன்றிரண்டு டிகிரி வளைக்கலாம். ஒரு டிகிரிக்கு இரண்டு மூன்று கெஜம் மாறும். 45-ஐ 47 ஆகவும் 56-ஐ 54 ஆகவும் ஆக்கினால் 11 டிகிரிப் பள்ளம் 7 ஆகிவிடும். ஒன்பதாம் நம்பரையும் ஒரு டிகிரி சாய்த்தால் புதிய பள்ளம் மேலே விழாது. சாண்ட் வெட்ஜை நிமிர்த்த நிமிர்த்த அடிப்பாகத்தின் புடைப்பும் அதே அளவு குறையும். மணலில் மட்டை புதையும். வார்ப்பு எஃகு மட்டை எளிதில் வளையாது, ஒடிந்தாலும் ஒடியும். முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆட்டம் தொடங்கிய பிறகு மட்டையில் கை வைக்க விதி இடம் தராது.

இதற்கெல்லாம் முன்னால் அளந்து பார்க்க வேண்டும். பலர் செய்யாதது இதுதான். மட்டைக்குப் பத்துப் பந்து. ஏப்ரலில் புனேத் தரை கல்லாக இருக்கும், பந்து உருண்டோடும். ஆடி மாதச் சேற்றில் விழுந்த இடத்திலேயே நிற்கும். அதனால் உருண்ட தூரத்தை விட்டு, விழுந்த இடத்தை மட்டும் அளக்க வேண்டும். பிரமாதமாகப் போன பந்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.